லாப்ரடார் முனை: பாறையும் துறைமுகமும்

மலாய் மொழியில் 'தஞ்சோங்' எனப்படுவதைத் தமிழில் முனை என்றும் கோடி என்றும் வழங்குகிறோம். கோடிக்கரை, தனுஷ்கோடி ஆகிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் நிலைத்துள்ளது. கடலை நோக்கி நீண்ட நிலம் மாலுமிக்கு அடையாளம், வணிகருக்குத் துறை, படையினருக்குக் காவலிடம். இம்மூன்று தேவைகளும் ஒரே நிலத்தை எவ்வாறு மாற்றின என்பதற்குச் சிங்கப்பூரின் தென்கரையிலுள்ள லாப்ரடார் முனை தக்க சான்றாகும்.

இம்முனை படிவுப்பாறையால் ஆனது. அதன் செங்குத்துச் சரிவில் கடலோரக் காடு வளர்ந்துள்ளது. கீழே, நீர் வற்றும்போது வெளிப்படும் கரையில் கடற்புல்லும் பவளமும் வாழ்கின்றன.

முனையருகே நீரிணையின் வாயிலில் உயர்ந்த பாறையொன்று நின்றது. மலாய் மக்கள் அதனைப் 'பத்து பெர்லாயார்', அதாவது பாய்விரித்த பாறை, என்றனர். 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதிய 'லோங்யாமென்', அதாவது டிராகன் பல் வாயில், இவ்விடமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நூற்றாண்டுகளாக வழிகாட்டிய அப்பாறை, பெரிய கப்பல்களுக்குத் தடையாகக் கருதப்பட்டது. 1848-இல் அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் அதனை வெடிவைத்துத் தகர்த்தார்.

வழி அகன்றபின் தொழில் விரைந்து வளர்ந்தது. 1852-இல் பி அண்டு ஓ கப்பல் நிறுவனம் இத்துறைமுகத்தில் தளம் அமைத்தது. நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி இன்றியமையாததாயிற்று. 1864-இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தோன்றியது. 1869-இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கப்பல் வரவு பெருகியது. அக்கப்பல்துறைகளில் உழைத்தோருள் தமிழர் பலர். 1900-இல் இத்துறைமுகம் கெப்பல் என்னும் பெயர் பெற்றது. நிலக்கரியை அடுத்து எண்ணெய் வந்தது. தெற்கேயுள்ள புலாவ் புக்கோம் தீவில் 1891-இல் மண்ணெண்ணெய்க் கிடங்கும், 1961-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் செயற்படத் தொடங்கின. பாசிர் பாஞ்சாங் மின் நிலையம் 1953-இல் திறக்கப்பட்டது.

இத்தனைக்கும் நடுவே முனையின் காடு எவ்வாறு எஞ்சியது? துறைமுகத்தைக் காக்க 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே பீரங்கிக் கோட்டை எழுந்தது. படையினரின் நிலத்தில் கிடங்கோ குடியிருப்போ எழ இடமில்லை. வணிகத்தைக் காக்க வந்த பீரங்கியே, எண்ணாமலே மரங்களுக்கும் காவலாயிற்று எனக் கருதுகிறோம்.

ஆயினும் அக்காவல் நிலையானதன்று. 1951-இல் சட்டப்படி இயற்கைக் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டவற்றுள் லாப்ரடாருடன் பாண்டான், கிராஞ்சி அலையாத்திக் காடுகளும் இருந்தன. அவ்விரண்டும் பின்னர் அத்தகுதியை இழந்தன. லாப்ரடாரும் 1973-இல் பூங்கா நிலைக்கு இறக்கப்பட்டது. 2002-இலேதான் மீண்டும் காப்பகமாயிற்று. சட்டம் தந்த பாதுகாப்பைச் சட்டமே திரும்பப் பெறலாம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

2005-இல் தகர்ந்த பாறையின் மாதிரியொன்று கரையருகே நிறுவப்பட்டது. மாணவர்கள் அதனைக் கண்டபின் நீர் வற்றும் கரையையும் நோக்க வேண்டும். பாறைக்கு மாதிரி செய்துவிட்டோம். பவளத்திற்கும் கடற்புல்லுக்கும் அவ்வாறு செய்ய நம்மால் இயலாது.