மும்பையின் பழம்பாணி இசைக் காணொளிகள்

சினிமாவைச் சாராத இசைக்குழுவின் புதிய பாட்டைக் கழிந்துபோன ஒரு காலத்தின் தோற்றத்தில் படமாக்குவதே பழம்பாணி இசைக் காணொளி. எழுபதுகளின் டிவி தொடர்போலவோ தொண்ணூறுகளின் வீடியோ கேசட்போலவோ அது கண்ணுக்குத் தெரியும். உலகறிந்த முன்மாதிரிகள் இரண்டும் 1994இல் வந்தவை, ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கியவை. பீஸ்டி பாய்ஸ் குழுவின் 'சபட்டாஜ்' ஒட்டுமீசையும் விக்குமாக அமெரிக்கப் போலீஸ் தொடர்களைக் கேலி செய்தது. வீஸர் குழுவின் 'படி ஹாலி', 'ஹேப்பி டேஸ்' தொடரின் உணவகத்துக்குள்ளேயே குழுவைக் கொண்டுபோய்ப் பாடவைத்தது.

இந்தியாவில் இந்தப் பாணிக்குப் பேர் வாங்கித் தந்தது கொல்கத்தாவின் பரேக் அண்ட் சிங் இருவர் குழு. 2016இல் வெளிவந்த 'ஐ லவ் யூ பேபி, ஐ லவ் யூ டால்' காணொளியை இயக்கியவர் மிஷா கோஷ். வெளிர்நிறச் சூட்டுகள், இருபுறமும் அளந்து வைத்ததுபோன்ற சட்டகங்கள் ஆகியவற்றைப் பார்த்தவர்கள் உடனே வெஸ் ஆண்டர்சன் படங்களை நினைத்தார்கள்.

மும்பையில் கதை வேறு. ஹார்பர் ரயில் பாதையில் குர்லாவுக்கு முந்தைய நிலையம் சுனாபட்டி. அதற்கு ஒரு பக்கம் குர்லா, மறுபக்கம் சயன் பகுதியைத் தாண்டினால் தாராவி. இந்தச் சிறு வட்டாரத்தில்தான் காசில்லாத காணொளிக்கலை முளைத்தது. ராப் பாடும் குர்லா இளைஞர் நேஸி 2014இல் 'ஆஃபத்' பாட்டை ஐபேடிலேயே பதிவுசெய்தார். காணொளியையும் அதிலேயே எடுத்தார். ராப்பர் எம்.சி. அல்தாஃபின் 'கோட் மும்பை 17' பாட்டின் தலைப்பே தாராவியின் அஞ்சல் குறியீடான 400017இலிருந்து வந்தது. இங்கு வந்த காணொளிகளில் தொண்ணூறுகளின் நியூயார்க் ராப்பின் தாக்கம் உண்டு. அதனால்தான் சட்டகத்தின் ஓரங்களை உப்பவைக்கும் மீன்கண் லென்ஸும், கூட்டமாக நின்று கேமராவைப் பார்த்துக் கைநீட்டும் வழக்கமும் இங்கும் வந்தன.

பழந்தோற்றத்துக்கான உத்திகள் எளியவை. அகலத்திரையை விட்டுப் பழைய டிவியின் 4:3 அளவுக்குச் சட்டகத்தைக் குறுக்குவார்கள். எடிட்டிங்கில் கேசட் கோடுகளைச் சேர்ப்பார்கள். உடல் மட்டும் மிதப்பதுபோல் மெதுவாக நகர, உதடு பாட்டோடு பிசகாமல் ஒட்ட வேண்டுமானால் ஷூட்டிங்கில் பாட்டை இருமடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். பாடகர் அந்த வேகத்துக்கு வாயசைக்க, கேமரா நொடிக்கு 48 சட்டகங்கள் எடுக்கும். அதை 24ஆக ஓட்டினால் கையும் தலைமுடியும் தண்ணீருக்குள் அசைவதுபோல் அசையும். உதடு மட்டும் தாளத்தில் நிற்கும்.

உத்தியைவிடக் கடினமானது இடத்தைப் பார்க்கும் பார்வை. தகரக் கூரையும் நீலத் தார்ப்பாயும் வெளியாளுக்குப் பழமையாகத் தோன்றலாம். திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது இன்று காலை கதவைத் திறந்து வந்த வீடு. அதைப் பழம்பொருளாகக் காட்டும் இயக்குநர் தவறு செய்கிறார். தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் நான்கிலும் ராப் செய்கிறது. 'ஆயி ஷப்பத் சாஹேப் மீ நவ்தோ', அதாவது 'அம்மா சத்தியமா சார், நான் இல்லை' என்ற அவர்கள் பாட்டு, சந்துப் பையன்கள்மேல் போலீஸ் கொள்ளும் சந்தேகத்தைப் பேசுகிறது. அங்கே சந்து அலங்காரமாக இல்லை, சாட்சியாக நிற்கிறது.

பா. இரஞ்சித்தின் 'காலா' (2018) படத்துக்கும் இக்குழு ராப் எழுதியது. அதே படத்தில் பாடிய மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006இலேயே இளையராஜாவின் 1980ஆம் ஆண்டு 'நிழல்கள்' படப்பாட்டை எடுத்து 'மடை திறந்து' என்று புதிதாக்கியவர். பழையதை எடுத்தாளும் பழக்கம் தமிழ் ராப்புக்குப் புதிதல்ல.

தாராவி மறுமேம்பாட்டு ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. பல சந்துகள் இனி இதே வடிவில் இருக்கப்போவதில்லை. அங்கே காணொளி எடுக்கும் குழுக்கள், படம் முடிந்ததும் ஓடும் பெயர்வரிசையில் சந்தின் பெயரையும் எடுத்த தேதியையும் தயவுசெய்து சேர்த்துவிட வேண்டும்.