கையைக் காக்கும் காலம்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தார், குழந்தை மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டால் முன்னாளில் ஆசானையே நாடினர். நாகர்கோவிலையும் இந்நகரையும் ஒருங்கே கொண்டிருந்த பழைய திருவிதாங்கூரில், களரியும் வர்மமும் கற்ற ஆசான்மார் எண்ணெயும் பச்சிலையும் மூங்கில் பத்தையும் கொண்டு எலும்பைப் பொருத்தினர். பல முறிவுகள் நன்கு கூடின. ஆயினும் முழங்கைக்குச் சற்று மேலே நேரும் முறிவு தனிவகையானது.

சிறு பிள்ளைகளுக்கு அவ்விடத்து எலும்பு மிக மெல்லியது. கையூன்றி விழும்போது அது முறிந்து விலகினால், அதன் கூர்முனை அருகே செல்லும் இரத்தக் குழாயையும் நரம்புகளையும் நெருக்கும். வீக்கம் பெருகும் வேளையில் இறுகக் கட்டினால் நேரும் கேட்டை, ஜெர்மானிய ரண வைத்தியர் ஃபோல்க்மன் 1881-இல் விளக்கினார். இரத்தமின்றிச் சில மணி நேரத்திலேயே தசை மடிகிறது. பின்னர் விரல்கள் மடங்கிக் கை வாழ்நாள் முழுதும் சூம்பிவிடுகிறது.

திருவனந்தபுரத்தில் 1865-இல் பொது மருத்துவமனை தோன்றியது. 1951-இல் மருத்துவக் கல்லூரியை ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார். எலும்பை நேராக்கி மெல்லிய கம்பிகளால் நிறுத்தும் முறையை 1948-இல் ஸ்வென்சன் என்பார் எழுதினார். அதனால், வீங்கிய முழங்கையை மிக மடக்கிக் கட்டவேண்டிய இடர் குறைந்தது.

நரம்பின் கணக்கோ வேறு. பிரிட்டிஷ் மருத்துவர் செடன் 1943-இல் நரம்புக் காயத்தை மூவகையாகப் பிரித்தார்: அதிர்ச்சியால் செயலிழத்தல், உள்ளிழை அறுதல், முழுதும் துண்டாதல். இம்முறிவில் பெரும்பாலும் முதலிரு வகைகளே காணப்படுகின்றன. அறுந்த இழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளர்கிறது. ஆகவே கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து வட்டம் காட்ட இயலாத குழந்தைக்கும், 3 முதல் 6 மாதங்களில் அவ்வாற்றல் பெரும்பாலும் தானே திரும்புகிறது. திரும்பாவிடிலே நரம்பை ஆராய நேரும்.

எப்போது விரைவது? கை வெளுத்துக் குளிர்ந்தாலும், நாடி அடங்கினாலும், நோவு மேன்மேலும் மிகுந்தாலும், எலும்பு தோலைக் கிழித்தாலும் நொடியும் தாமதிக்கலாகாது. இரத்த ஓட்டம் நன்றாயுள்ள கையாயின், மருத்துவர் கண்காணிப்பில் காலைவரை காத்திருப்பதால் தீங்கு கூடுவதில்லை என 2001-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

எவ்வூரில் வாழினும் நம்மவர் இக்கணக்கை நினைவில் வைப்பாராக: இரத்தத்துக்கு மணி நேரம், நரம்புக்கு மாதங்கள். முன்னதில் பொறுமையும் பின்னதில் பதற்றமும் குழந்தையின் கைக்குப் பகை.