குடை இலவசம்

2025 ஜூலைக் கடைசியில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, ஏறக்குறைய 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த வாரம் நான் பத்தமடையில் இருந்தேன். காரணம் ஏஐ இல்லை என்று கம்பெனி சொன்னது. எங்கள் தெருவில் அதை யாரும் நம்பவில்லை. முக்கியமாக என் சித்தப்பா நம்பவில்லை. ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுப் பணத்தில் பாதியை ஒரு ஐடி துறை ஃபண்டில் போட்டிருந்தார். அவர் மகன் சென்னையில் ஐடி வேலை பார்க்கிறான். சம்பளமும் சேமிப்பும் ஒரே கப்பலில்.

“ஏல, வித்திரவா வச்சிக்கிடவா? நீ வரலாறு படிச்சவன்லா, சொல்லு” என்றார்.

வரலாறு படித்தவனிடம் யாரும் பங்கு விலை கேட்கக் கூடாது. ஆனாலும் எனக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. பக்கத்தில், தூத்துக்குடியில் நடந்தது.

சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. நமக்குப் பள்ளிக்கூடத்தில் அது விடுதலைப் போராட்டப் பாடம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அது ஒரு பங்கு வெளியீடும்கூட. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஆசியர்களுக்கு மட்டும். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் கொடுத்தார். பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. உதவிச் செயலாளர் என்ற பெயரில் எல்லா வேலையும் பார்த்தார். மறு வருஷமே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்துவிட்டன.

கம்பெனி பதிவான ஆறாம் நாள், அக்டோபர் 22 அன்று, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரன் நடத்துகிற பழைய நிறுவனம், இதைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று நம்பி, ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வக்கீல்களும் விதவைகளும் பணம் போட்டிருந்தார்கள். லண்டன் பங்காளி தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். அந்த அடியில்தான் 1907ல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு முகம் சுருங்கியது. எல்லாவற்றையும் விற்று பாங்கில் போட்டுவிடலாம் என்ற யோசனையில் இருந்தார்போல. இப்போது வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு சித்தப்பா, அந்தக் காலம் வேற என்று சமாதானம் சொன்னேன்.

“சரி, கப்பலுக்கு வா” என்றார்.

கப்பலில் கணக்கு முக்கியம். பத்துப் பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் கரி எரியத்தான் செய்யும், மாலுமிக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அதற்கு எத்தனையோ துறைமுகங்களில் வியாபாரம். தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் நஷ்டப்பட்டால் வேறு தடத்தில் ஈடுகட்டிக்கொள்ளும். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததே இந்த ஒரு தடம்தான். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி எட்டணாவுக்கு இறங்கியது. பிறகு அவர்கள் பயணமே இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றார்கள். குடைக் கதையைக் கேட்டு வகுப்பில் நாங்கள் சிரித்திருக்கிறோம். இன்று சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் என் போனிலும் குடை வந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஏர்டெல்காரர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ ஒரு வருஷம் இலவசம். அக்டோபர் கடைசியில் ஜியோக்காரர்களுக்கு கூகுள் ஜெமினி பதினெட்டு மாதம். நவம்பர் 4 முதல் இந்தியாவில் சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம். மடி கனத்தவன்தான் இலவசமாகக் கொடுக்க முடியும். அவனோடு மோதுகிற ஒற்றைத் தடக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவன் பாடு என்ன என்பதே கேள்வி.

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911ல், கம்பெனி கலைக்கப்பட்டது. அடக்குமுறை பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் சொல்லி முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டணப் போர் தன் பங்குக்கு அறுத்துக்கொண்டேதான் இருந்தது. கவனியுங்கள், நீராவி தோற்கவில்லை. கொழும்புக்குக் கப்பல் போய்க்கொண்டேதான் இருந்தது. 25 ரூபாய் போட்டவனுக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. இங்கிலாந்தில் 1840களின் ரயில் மோகத்திலும் இதே கதை: தண்டவாளம் நின்றது, பங்கு வாங்கிய பலர் நொடித்தார்கள். ஏஐ வேலை செய்யுமா என்பது ஒரு கேள்வி, அதில் போட்ட காசு திரும்புமா என்பது வேறு கேள்வி. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

சந்தையே குழம்பித்தான் கிடக்கிறது. 2025 ஜனவரி 27 அன்று சீனத்து டீப்சீக்கைப் பார்த்து மிரண்டதில் என்விடியா ஒரே நாளில் 17 சதவீதம் சரிந்தது, ஏறத்தாழ 59,000 கோடி டாலர். அதே கம்பெனி அக்டோபரில் 5 லட்சம் கோடி டாலர் மதிப்பைத் தொட்டது. இதற்கு நடுவில் பத்தமடையில் ஒரு மனுஷன் நாலு மணிக்கு எழுந்து போனைப் பார்க்கிறார்.

இந்த ஊருக்கு இது புதிதில்லை என்றும் சொல்ல வேண்டும். தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மயிரிழைபோலக் கிழித்து நெய்த கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர். விசைத்தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் வந்தபோது நெய்தவர்களுக்குச் சிவப்புக் கோடு காட்ட எந்தப் போனும் இல்லை. விற்றுவிட்டு வெளியேறவும் அவர்களிடம் பங்கு இல்லை, கை மட்டும்தான் இருந்தது.

சுதேசிப் பங்கு வாங்கியவர்களில் பலர் லாபத்துக்காக வாங்கியிருக்க மாட்டார்கள், போனாலும் போகட்டும் என்றே கொடுத்திருப்பார்கள் என்றேன்.

“நான் அப்படிக் குடுக்கலயேல” என்றார் சித்தப்பா. “எனக்குத் திரும்ப வேணும்.”

மறுவாரம் பாதியை விற்றார். மகனிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மீதிப் பாதியை என்ன செய்வது என்று இலவசமாக வந்த ஏஐயிடமே கேட்டிருக்கிறார். நிதி ஆலோசகரைப் பார்க்கச் சொன்னதாம்.

“அதுக்கு நீயே தேவல” என்றார்.