பழவேற்காட்டுக் கேத்தரினா: ஆவணங்கள் காட்டும் ஒரு தாய்வழி

பழவேற்காட்டுக்குச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு இடங்களைக் கண்டு திரும்புவர். ஒன்று ஏரி, மற்றொன்று ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். நம் இலக்கிய வட்டத்து அன்பர்கள் சிலருடன் நானும் அவ்வாறே சென்றேன். கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லிற் செதுக்கப்பட்டு நிற்கின்றன. உள்ளே, கருங்கற் பலகைகளில் குலச் சின்னங்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகன் என்னும் உறவுக் குறிப்புகள். பிறந்த நாள், இறந்த நாள். இக்கற்களை அலெக்சாண்டர் ரீ 1897இலும் ஜே. ஜே. காட்டன் 1905இலும் தத்தம் நூல்களில் பதிந்து அச்சேற்றினர். இன்று ஒல்லாந்திலிருந்து ஒருவர் தம் முன்னோரைத் தேடி வந்தால் அவருக்குக் கல்லும் துணை நிற்கும். ஏடும் துணை நிற்கும்.

உடன் வந்திருந்த கவிஞர் ஒருவர் கேட்டார்: "இவர்கள் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் கல்லில் இருக்கிறது. இந்த ஊரார் பெயர் எங்கே இருக்கிறது, அம்மா?"

அவ்வினா என்னை நெடுநாள் விடவில்லை. தேடிய அளவில் எனக்குக் கிட்டிய விடை பழவேற்காட்டில் இல்லை. அது ஆப்பிரிக்காவின் தென்கோடியில், கேப் டவுன் நகரத்து ஆவணக் களரியில் இருக்கிறது.

டச்சுக்காரர் என்று நாம் வழங்கும் ஒல்லாந்தர் 1610இல் பழவேற்காட்டில் காலூன்றினர். 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரையில், சோழமண்டலக் கரை முழுவதிலும் அவர்தம் வாணிகத்திற்கு இக்கோட்டையே தலைமை. துணி வாணிகத்தைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். 1632 முதல் பத்தாண்டுகள் இங்குச் சமயகுருவாக இருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 1651இல் லெய்டனில் வெளிவந்ததையும், அதன் வழியே பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக இடம்பெற்றதையும் இலக்கிய மாணவர் பலர் அறிவர். நானும் வகுப்பறையில் பெருமையோடு சொல்லி வந்தவள்தான். அதே துறையிலிருந்து அதே ஆண்டுகளில் மனிதர்களும் கப்பலேற்றப்பட்டனர் என்பதை நான் வகுப்பில் சொன்னதில்லை. எனக்குச் சொல்லித் தந்தவரும் இல்லை. கும்பினியின் கப்பற் கணக்குகளை ஆராய்ந்த வில் டைக் என்பார், 1621க்கும் 1665க்கும் இடையில் 131 கப்பல்களில் 38,000க்கும் மேற்பட்ட அடிமைகள் கொண்டுசெல்லப்பட்டனர் என்று கணக்கிட்டுள்ளார். பழவேற்காட்டுத் தரகர் வழியே வாங்கப்பட்டுப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டோர் இவர்களுட் பலர். போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் விலை இறங்கியது; கப்பல் நிரம்பியது.

இப்பல்லாயிரவருள் பெயரோடும் வழித்தோன்றல்களோடும் நமக்கு அகப்படுபவர் மிகச் சிலர். அவருள் ஒருவர் கேத்தரினா வான் பாலியக்கட்டா. 'வான்' என்பது ஒல்லாந்த மொழியில் 'இருந்து' எனப் பொருள்படும். 'பாலியக்கட்டா' நம் பழவேற்காடே.

இவர் பத்தாவியாவில் அடிமையாக இருந்தார். 1656இல், தம்மோடு வாழ்ந்த கிளாஸ் வான் மலபார் என்னும் அடிமை இறப்பதற்குக் காரணமானார் என்று வழக்கு நடந்தது. மரண தண்டனை வாழ்நாள் நாடு கடத்தலாக மாற்றப்பட, 1657இல் நன்னம்பிக்கை முனையில் கொண்டுவந்து இறக்கப்பட்டார். அப்பொழுது அக்குடியேற்றத்திற்கு வயது ஐந்துதான். அங்குப் 'பெரிய கேத்தரின்' என்று அழைக்கப்பட்டார். கோட்டைத் தலைவரின் துணிகளை வெளுத்தார். 1669 மார்ச்சுத் திங்களில் இவர் மகன் கிறிஸ்டாஃபெலுக்குத் திருமுழுக்கு நடந்தது. 1671இல் அந்தோணி வான் பெங்கால என்னும் வங்கத்து விடுதலையாளரை மணந்தார். 1680களின் தொடக்கத்தில் இவர் பெயர் பதிவேடுகளிலிருந்து மறைகிறது. மகன் கிறிஸ்டாஃபெல் ஸ்னைமான், ஸ்பானிய நெதர்லாந்திலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சி வெளியேறி 1688இல் கேப்புக்கு வந்த ஜாக் தெ சவோய் என்பாரின் மகள் மார்கரீத் தெரேசை மணந்தார். தென்னாப்பிரிக்காவில் இன்று ஸ்னைமான் என்னும் குடிப்பெயர் தாங்கிய பெருங்குடும்பம் இவ்விருவர் வழி வந்ததே. மான்செல் அப்ஹாம் என்னும் ஆய்வாளர் 1990களில் இவ்வம்மையாரைப் பற்றி விரிவாக எழுதியபின் இச்செய்தி பரவலாயிற்று.

இது கதையா, வரலாறா என்று ஐயுறுவது நம் கடமை. வமிசாவளி என்றாலே புலவர்கள் பொருள் பெற்றுக்கொண்டு சூரிய குலத்தோடு முடிச்சுப் போட்ட நாடு நம்முடையது. எனவே, இத்தகைய வழிமுறையை எவ்வாறு சரிபார்க்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒல்லாந்தக் கும்பினி தன் ஊழியர் இறந்தால் அவர் உடைமையைக் கணக்கிடாமல் விடுவதில்லை. பத்தாவியாவில் 1624இல் அநாதையர் மன்றம் என்று ஒன்றை நிறுவினர். கேப்பிலும் 1670களில் அது அமைந்தது. பெயரைக் கண்டு அநாதை விடுதி எனக் கொள்ளலாகாது. கணவனோ மனைவியோ இறந்தால், பிள்ளைகளின் பங்கைக் காப்பது அதன் வேலை. ஒல்லாந்த வழக்கில் கணவன் மனைவி இருவர் சொத்தும் பொதுச் சொத்து. ஒருவர் இறந்ததும் வீட்டுக்கு எழுத்தர் வருவார்; அறை அறையாகச் சென்று கட்டில், செம்புப் பானை, மாடு, அடிமை என எழுதுவார். அப்பட்டியலின் தலைப்பில் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் பிள்ளைகளின் பெயரும் வயதும் இருக்கும். கைம்பெண் மறுமணம் செய்ய வேண்டுமாயின் முதற்கணவனின் பிள்ளைகளுக்குரிய பங்கை முதலில் தீர்த்தாக வேண்டும். கிறிஸ்டாஃபெல் இறந்தபின் மார்கரீத் ஹென்னிங் வில்யூன் என்பவரை மணந்தார். இத்தகைய மறுமணங்கள் வமிசாவளி ஆய்வாளருக்குப் பெருங்கொடை. சொத்துக்காகவேனும் எழுத்தர் உறவைத் துல்லியமாக எழுதியாக வேண்டும் அல்லவா?

உயிலின் பயன் வேறு. திருமுழுக்குப் பதிவேடு ஒரு நாளின் சாட்சி; திருமணப் பதிவேடும் அத்தகையதே. உயிலோ இறப்பை எதிர்நோக்கும் ஒருவர் தம் உறவினர் யாவர் என்று தாமே எண்ணிப் பார்த்துச் சொல்லும் சொல். விடுதலை செய்யப்பட்ட அடிமைப் பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் இவ்வளவு பணம் என்று உயிலில் வரும்பொழுது, பதிவேடு சொல்லத் தயங்கிய தந்தைமை அங்கே வெளிப்படுவதுண்டு. ஆயினும் உயிலையும் முற்றாக நம்பலாகாது. ஒதுக்கப்பட்ட பிள்ளையின் பெயர் அதில் இராது. முன்னரே பங்கு பெற்றுப் பிரிந்த மகளும் விடுபட்டிருக்கலாம்.

ஆய்வாளர் மூதாதையிலிருந்து தொடங்குவதில்லை; இன்றிருப்பவரிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலேறுகின்றனர். ஒவ்வொரு படியிலும் இவர் இன்னார் மகன் என்பதற்குக் குறைந்தது இரண்டு சான்று, ஒன்றையொன்று பார்த்து எழுதப்படாதவையாக, வேண்டும் என்பர். அச்சிட்ட வமிசாவளி நூல் சான்றாகாது. அது வழிகாட்டி மட்டுமே. கேப் குடும்பங்களுக்கு டி வில்லியர்ஸ் தொகுத்து 1890களில் வெளிவந்த நூலே அடிப்படை. ஆயினும் பின்வந்தோர் அதனைப் பலகாலும் திருத்த வேண்டியிருந்தது. ஒரே பெயருடையோரைப் பிரித்தறிவது மற்றொரு தொல்லை. கேப்பில் கேத்தரினாக்கள் பலர். நம்மவருக்குப் 'பெரிய' என்னும் அடைமொழி வந்தது அதனாற்போலும். கிறிஸ்டாஃபெலின் தாய் திருமுழுக்கின்போது மணமாகாதவர். மகன் பின்னாளில் தாங்கிய ஸ்னைமான் என்னும் பெயர், ஹான்ஸ் கிறிஸ்டாஃபெல் என்னும் படைவீரரின் பெயர். பெயர், காலம், இடம் மூன்றும் பொருந்துவதால் அவரே தந்தை என்று கொள்கின்றனர். தாய்மை பதிவின் வழியும் தந்தைமை அனுமானத்தின் வழியும் நிறுவப்படுகின்றன. நம் தருக்க நூலார் இவ்வேறுபாட்டை விரும்பியிருப்பர்.

இச்செய்தியைச் சொன்னவுடன் முன்சொன்ன கவிஞர் மகிழ்ந்து, "அப்படியானால் ஒரு தமிழ்ப் பரதவப் பெண் அங்கே ஓர் இனத்துக்கே தாய் என்று காவியம் பாடலாமே" என்றார். பாடலாம், ஆனால் வரலாறு என்று பாடக் கூடாது என்றேன். அவருக்கு வருத்தந்தான். எனக்கும் அது எளிதாக இல்லை. 'வான் பாலியக்கட்டா' என்பது பிறந்த ஊரைக் குறிக்கலாம். கப்பலேறிய துறையை மட்டுமே குறிக்கவும் கூடும். உள்நாட்டில் பஞ்சத்திற் பிடிபட்டு நடத்திக் கொண்டுவரப்பட்டவர்க்கும் துறைமுகத்தின் பெயரே ஒட்டிக்கொள்ளும். பழவேற்காடோ அன்றும் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஊர். முசுலிம் வணிகர், செட்டிமார், நெசவாளர், மீனவர் எனப் பலரும் வாழ்ந்த ஊர். கேத்தரினாவின் தாய்மொழி எது, குலம் எது என்பதற்கு ஏட்டிற் சான்றில்லை. பெற்ற தாய் அவரை எப்பெயர் சொல்லி அழைத்தார் என்பதற்கும் இல்லை. கேத்தரினா என்பது ஒல்லாந்தர் வைத்த பெயர்.

சான்று இவ்வளவுதான் என்று நிறுத்திக்கொள்வது வறட்டுத்தனம் அன்று. தென்னாப்பிரிக்காவில் 1949இல் கலப்பு மணத் தடைச் சட்டமும் 1950இல் மக்களை நிறவாரியாகப் பதியும் சட்டமும் வந்தன. ஒருவர் எங்குக் குடியிருக்கலாம், யாரை மணக்கலாம் என்பதெல்லாம் பாட்டனார் நிறத்தைப் பொறுத்தனவாயின. அந்நாளில் ஹான்ஸ் ஹீஸே என்னும் வரலாற்றறிஞர் திருச்சபைப் பதிவேடுகளையும் பிற ஆவணங்களையும் துருவி, வெள்ளையர் எனப்பட்ட குடும்பங்கள் பலவற்றின் முன்னோரில் ஆசிய, ஆப்பிரிக்க அடிமைப் பெண்கள் இருந்தமையை 1984இல் நூலாக்கினார். நாடு அதிர்ந்தது. மறுக்க விரும்பியவர்க்கு எதிரே நின்றவை அடிமைச் சந்தையை நடத்திய அதே கும்பினியின் பதிவேடுகள். ஹீஸே ஒரு பெயரையேனும் ஆர்வத்தால் மிகைப்படுத்தியிருந்தால், அவ்வொன்றைக் காட்டி நூல் முழுவதையும் தள்ளியிருப்பர். கலப்பு மணத் தடை 1985இலும் நிறப்பதிவுச் சட்டம் 1991இலும் நீக்கப்பட்டன.

இனி நம் கரைக்கு வருவோம். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்த ஆவணங்கள் உள. பெரும்பகுதி கொச்சியைச் சார்ந்தவை. அவற்றிலும் நம் மீனவர் குப்பங்களின் பெண்களைத் தேடுவது உப்பளத்தில் நெல் தேடுவது போன்றது. குப்பத்தாரிடமே ஏடு இல்லையா என்றால், உண்டு. ஏரியில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' முறை அங்கு இன்றும் பேசப்படுகிறது. எந்தத் தலைக்கட்டுக்கு எந்நாள் எவ்விடம் என்பது பாட்டுரிமையுடையோர் பட்டியலைக் கொண்டு முடிவாகிறது. அவ்வுரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. ஆதலின் அப்பட்டியலே ஒருவகை வமிசாவளி. கேப்பின் உடைமைப் பட்டியலைப் போலவே, உரிமையைக் காக்க எழுந்த எழுத்து அது. வேறுபாடு ஒன்றே: அங்குச் சொத்தில் மனைவிக்குப் பங்கிருந்ததால் அவள் பெயர் ஏடேறிற்று, இங்குப் பாட்டில் பெண்ணுக்குப் பங்கில்லை.

கோட்டைக்குப்பத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் இதைப்பற்றிக் கேட்டேன். "பொம்பளப் பேர எழுதி வச்ச நோட்டு எங்கருந்தும்மா வரும்? வலையா போடுறோம்?" என்று சிரித்தார். பிறகு, கேளாமலே, தம் தாய், தாயின் தாய், அவருடைய தாய் என நான்கு பெயர்களையும், ஒவ்வொருவரும் எந்தக் குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். ஐந்தாவது பெயரில் நின்றுவிட்டார். "எங்க அத்தைக்குத் தெரியும். அது போய்ச் சேந்துடுச்சே" என்றார்.

அந்நான்கு பெயர்களையும் சொன்னவர் பெயர், நாள், இடம் ஆகியவற்றோடு குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளேன். அடுத்த முறை சென்றபோது அவர் தங்கையாரிடம் தனியே கேட்டுச் சரிபார்த்தேன். மூன்று பெயர்கள் ஒத்தன. நான்காவதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. இரண்டையும் எழுதியிருக்கிறேன்.