பூமி விரிகிறதா? சேலம்–நாமக்கல் பாறைகள் தரும் சான்று

முன்னுரை

பூமி ஒரு காலத்தில் இன்றைய ஆரத்தில் பாதியைச் சற்றே தாண்டிய சிறு கோளமாக இருந்தது, அது விரிந்ததால்தான் கண்டங்கள் பிரிந்தன என்பது விரியும் பூமிக் கொள்கை. இதை மறுப்போர் பெரும்பாலும் கடலடித் தரையையும் செயற்கைக்கோள் அளவீடுகளையுமே சான்றாகக் காட்டுவர். ஆனால் இன்றைய கடலடித் தரை பெரும்பாலும் 20 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. அதற்கு முந்தைய வரலாற்றுக்குப் பழங்கண்டங்களின் அடிப்பாறைகளைத்தான் நாட வேண்டும். சேலம்–நாமக்கல் சமவெளியின் பாறைகள் இக்கொள்கையின் அடிப்படையையே தகர்க்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

கொள்கையும் அதன் வலிமையும்

1933இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹில்கன்பெர்க், கடல்களை நீக்கிவிட்டால் கண்டங்கள் ஒரு சிறு கோளத்தை முழுமையாக மூடும் என்று உருண்டைகள் செய்து காட்டினார். கண்ட நகர்வைப் பலரும் ஏற்கத் தயங்கிய 1956இல், டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் அதற்கெனவே கருத்தரங்கு கூட்டியவர் புவியியலாளர் சாமுவேல் வாரன் கேரி. கண்டங்களை இன்றைய அளவுள்ள கோளத்தில் பொருத்தினால் இடைவெளி விழுகிறது, சிறிய கோளத்தில் விழுவதில்லை என்று அவர் கண்டார். கடலடித் தரை ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் பூமிக்குள் அமிழ்கிறது என்பதை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. 1976இல் வெளிவந்த அவரது நூலே இக்கொள்கையின் முதன்மை ஆவணம்.

இக்கொள்கையின்படி, 20 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலுக்கே இடமில்லை. கண்ட ஓடு முழு உலகையும் போர்த்தியிருந்தது. இது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று.

பாறை காட்டுவது

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் வெண்ணிற அனார்த்தோசைட் பாறைக்குள் கருநிறக் குரோமைட் பட்டைகள் ஓடுகின்றன. பாறைக்குழம்பு மெல்ல ஆறியபோது அடுக்கடுக்காகப் படிந்தவை இவை. பின்னர் நெருக்குண்டு மடிந்தும் திரிந்தும் உருமாறின. 

கடலுக்கான நேரடிச் சான்று நாமக்கல் அருகே தேவனூரில் உள்ளது. அங்குள்ள பாறைத் தொகுதியை 2012இல் எல்லப்பா முதலியோர் ஓபியோலைட் என இனங்கண்டனர். கண்டத்தின் மீது ஏற்றப்பட்ட பழங்கடலடித் துண்டே ஓபியோலைட். கடலடித் தட்டு பூமிக்குள் அமிழும் பகுதிக்கு மேலே உருவானதற்கான வேதிக்குறிகள் இதில் உள்ளன. வயது ஏறத்தாழ 253 கோடி ஆண்டு. ஆழ்கடலே இல்லை என்று கேரியின் கொள்கை சொல்லும் காலத்தில் இங்கே ஒரு கடல் இருந்து, மூடியும் போயிருக்கிறது.

ஒரு மறுப்பும் விடையும்

சேலம்–நாமக்கல் பகுதியை உள்ளடக்கிய பாலக்காடு–காவிரி வலயத்துப் பாறையொன்று 20 கிலோபார் அழுத்தத்தையும் 1020 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் கண்டது என்று 2009இல் சஜீவ் முதலியோர் எழுதினர். இன்றைய ஈர்ப்பின்படி அது சுமார் 70 கிலோமீட்டர் ஆழம். பாறை அவ்வளவு ஆழம் போனதைத் தட்டு அமிழ்ந்ததற்குச் சான்றாகக் கொள்ளலாம். அந்த உருமாற்றத்தின் வயது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. எந்த வயதை ஏற்றாலும் அது 20 கோடி ஆண்டுக்கு மிக மூத்ததே.

விரிவுக் கொள்கையினர் இதற்கு விடை சொல்ல முடியும். அதே நிறையுடன் ஆரம் 60 விழுக்காடாக இருந்திருந்தால் ஈர்ப்பு 2.8 மடங்காகும். அப்போது 25 கிலோமீட்டர் ஆழமே போதும், பாறையை ஆழத்துக்கு இழுத்துச் செல்லத் தட்டு அமிழ வேண்டியதில்லை. இதில் நியாயம் உண்டு. அழுத்தம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது.

ஆனால் அந்தச் சிறு பூமியின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 25 கிராமைத் தாண்டும். தங்கத்துக்கே 19.3 கிராம்தான். அக்காலத்து மேற்பரப்பில் கிடந்ததோ சார்னோக்கைட், நைஸ் போன்ற, மூன்று கிராமுக்கு உட்பட்ட பாறை. பூமிக்குள் இருப்பதாக நாம் அறிந்த எப்பொருளும் எஞ்சிய கணக்கை ஈடுகட்டாது. நிறையே வளர்ந்தது என்றால், அது எங்கிருந்து வந்தது என்பதற்குச் சோதித்து நிறுவிய வழி எதுவும் இல்லை.

ஆரத்தின் அளவீடு

எரிமலைப் பாறை ஆறும்போது அதில் பதியும் காந்தச் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையைத் தரும். ஒரே கண்டத்தில் தொலைவு தெரிந்த இரண்டு இடங்களின் சாய்வுகளை ஒப்பிட்டால் அன்றைய ஆரத்தைக் கணக்கிடலாம். இம்முறையில் மெக்எல்ஹின்னி முதலியோர் 1978இல் பெற்ற விடை: கடந்த 40 கோடி ஆண்டுகளில் ஆரம் இன்றைய அளவில் 1.02 மடங்கு, பிழை வரம்பு 0.028. சிறிய பூமிக்கு இதில் இடமே இல்லை.

20 கோடி ஆண்டில் 60 விழுக்காட்டிலிருந்து இன்றைய 6,371 கிலோமீட்டருக்கு ஆரம் வளர்ந்திருந்தால், ஆண்டுக்குச் சராசரி 12 மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருக்க வேண்டும். செயற்கைக்கோள் அளவீடுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஆய்வு, மாற்றம் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் என்றும், பிழை வரம்பு 0.2 என்றும் கண்டது. அதாவது, அளக்கத்தக்க விரிவு இல்லை.

முடிவுரை

கண்ட நகர்வை ஏளனம் செய்த காலத்தில் அதற்காக வாதாடிய கேரியின் தொண்டு பெரிது. கண்டங்கள் பிரிந்தன என்பதில் அவர் சரி, பூமி பருத்ததால் பிரிந்தன என்பதில் தவறு. கடல் திறப்பதும் மூடுவதும் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நடந்தவை என்பதற்கு நாமக்கல் மண்ணிலேயே ஆதாரம் கிடக்கிறது. அது ஜல்லியாக உடைபட்டுப் போனால் மீண்டும் கிடைக்காது. சித்தம்பூண்டி, தேவனூர்ப் பாறை வெளிப்பாடுகளில் தேர்ந்தெடுத்த பகுதிகளையேனும் புவியியல் மரபிடங்களாக அறிவித்து அரசு காக்க வேண்டும்.