யார் கொள்ளைக்காரர்? காலனியச் செய்தித்தாள்களும் வட சிலாங்கூர்த் தோட்டங்களும்



மலாயாவின் அவசரகாலம் பற்றிக் கேள்வி வந்தால் நம் மாணவர்கள் வரிசையாக எழுதிவிடுவார்கள்: சுங்கை சிப்புட், பிரிக்ஸ் திட்டம், டெம்ப்ளர், 1960. மனப்பாடம் நன்றாகவே இருக்கும். ஆனால் "அந்தக் காலச் செய்தித்தாள்கள் என்ன செய்தன?" என்று கேட்டுப் பாருங்க, வகுப்பு அமைதியாகிவிடும். ஒருவரை என்ன பெயர் சொல்லி அச்சிடுகிறார்களோ, அதைப் பொறுத்தே போலீசும் படையும் அவரை நடத்துவது எளிதாகவோ கடினமாகவோ ஆகிறது. இதற்கான சான்று தூரத்தில் இல்லை, நம் பக்கத்துத் தோட்டங்களிலேயே இருக்கிறது.

முன்கதை: 1941

கிள்ளானில் தொடங்கிக் கோல சிலாங்கூர் வரை பரவிய தோட்ட வேலைநிறுத்தத்தை முதலில் பார்ப்போம். தொழிலாளர்கள் கேட்டது என்ன? சம்பள உயர்வு, கள்ளுக்கடையை மூடுவது, காந்தி குல்லா அணியும் உரிமை, துரையையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. இதில் கொள்ளை எங்கே இருக்கிறது, சொல்லுங்க. ஆனாலும் அரசாங்கம் இதைக் கூலிப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை, வெளியார் தூண்டிவிட்ட கலகமாகவும் பார்த்தது.

தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். மே மாதம் அவரைக் கைது செய்ததும் போராட்டம் கொதித்தது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பத்திரிகையில் வேலை செய்த ஒருவரையே நாட்டைவிட்டு அனுப்பிவிட முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள். எந்தக் குரல் அச்சில் வரும், எது வராது என்பதிலும் போலீசுக்குப் பங்கு இருந்தது.

தலையங்கம் கொடுத்த நெருக்கடி

1948 ஜூன் 16ஆம் தேதி, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாளே 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' கடுமையான தலையங்கம் எழுதியது. ஒழுங்காக ஆட்சி செய், முடியாவிட்டால் வெளியேறு என்பதே அதன் சாரம். தோட்ட முதலாளிகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 18ஆம் தேதி அவசரகாலம் கூட்டரசு முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது. அம்மாதக் கடைசியில் உயர் ஆணையர் எட்வர்ட் ஜெண்ட் லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். இவை எல்லாம் தலையங்கத்தால் மட்டுமே நடந்தவை என்று எழுதாதீர்கள், அது மிகை. பத்திரிகை அந்த நெருக்கடிக்குச் சத்தம் கூட்டியது என்று எழுதுங்கள், அது சரி.

அந்த மாதங்களில் அரசாங்கமும் பத்திரிகைகளும் கெரில்லாக்களுக்கு வைத்த பெயர் 'பேண்டிட்', அதாவது கொள்ளைக்காரர். கம்யூனிஸ்டுகள் ஆயுதம் ஏந்தியது உண்மை. துரைமாரை மட்டுமல்ல, சாதாரணத் தோட்டத் தொழிலாளர்களையும் அவர்கள் கொன்றதும் உண்மை. ஆனால் இந்த ஒரு சொல், ஆயுதம் ஏந்தியவரையும் ஏந்தாதவரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது.

பத்தாங் காலி

1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் உலு சிலாங்கூரின் பத்தாங் காலிக்கு அருகில் உள்ள சுங்கை ரெமோக் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவு நுழைந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் பிரித்து லாரியில் அனுப்பிவிட்டார்கள். ஆயுதமில்லாத 24 சீன ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் பத்திரிகைச் செய்தியில் இறந்தவர்கள் 'கொள்ளைக்காரர்கள்'. பாதுகாப்புப் படையின் பெரிய வெற்றி என்ற தொனியில் அது அச்சானது. செய்தியாளர் தோட்டத்துக்குப் போய் விசாரித்து எழுதிய செய்தி அல்ல அது. அதிகாரிகள் தந்த விவரம் அப்படியே அச்சுக்குப் போனது.

பிறகு கேள்விகள் எழுந்தன. தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்று அரசாங்கம் விளக்கம் சொன்னது. 1949 ஜனவரியில் 27ஏ என்ற புதிய விதி வந்தது. தப்பியோடுவதைத் தடுக்க உயிர்க்கொல்லி ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்றது அந்த விதி. முன்பு நடந்தவற்றுக்கும் பொருந்தும்படி அது எழுதப்பட்டிருந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பெயர், அடுத்து துப்பாக்கி, கடைசியில் சட்டம்.

இந்தக் கதையை மறுபடி திறந்ததும் ஒரு பத்திரிகைதான். 1970இல் பிரிட்டனின் 'தி பீப்பிள்', அந்தப் படைவீரர்கள் சிலரே கொடுத்த வாக்குமூலங்களை வெளியிட்டது. ஸ்காட்லாந்து யார்டு தொடங்கிய விசாரணை அதே ஆண்டு கைவிடப்பட்டது. குடும்பத்தார் விடவில்லை. இறந்தவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர் என்று நிரூபிக்க லண்டன் நீதிமன்றங்கள் வரை போனார்கள். 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், பொது விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒரு நாள் செய்தியில் விழுந்த பெயரைத் துடைக்க 67 ஆண்டுகள் போதவில்லை.

ஒரே மனிதர், இரண்டு பெயர்

தமிழர் தரப்பிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, 1949 மார்ச்சில் ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்துக்கு அருகில் துப்பாக்கியுடன் பிடிபட்டார். அவசரகால விதிப்படி ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை. அந்த ஆயுதத்தை ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். இந்திய அரசு கருணை கேட்டும் பயனில்லை. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இங்கே அரசாங்கத்தின் கணக்கில் அவர் ஒரு பயங்கரவாதி, இந்தியாவில் பலருக்குத் தொழிலாளர் தலைவர். எந்தப் பெயர் சரி என்று மாணவர்களே வாதிடட்டும். ஆனால் இரண்டு பெயரும் இருந்தன என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

1952இல் அரசாங்கமே 'பேண்டிட்' என்ற சொல்லைக் கைவிட்டு 'கம்யூனிஸ்டு பயங்கரவாதி' என்று மாற்றிக்கொண்டது. பெயர் வைப்பதும் போரின் ஒரு வேலைதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

வகுப்பறைக்கு

பழைய செய்தித்தாளை மூலமாகக் கொடுத்துக் கேள்வி வந்தால், மாணவர்கள் மூன்றைக் கேட்டுக்கொள்ளட்டும்:

1. இந்தத் தகவலைச் சொன்னவர் யார்? செய்தியாளர் நேரில் பார்த்தாரா, போலீஸ் அறிக்கையா?
2. விசாரணைக்கு முன்பே ஒருவருக்குப் பெயர் சூட்டப்பட்டுவிட்டதா?
3. இதில் யாருடைய குரல் இல்லை?

சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்', 'தமிழ் முரசு' இரண்டின் பழைய இதழ்களும் கிடைக்கின்றன. 1948 டிசம்பர் 13ஆம் தேதி ஆங்கிலச் செய்தியை எடுத்து மாணவர்களோடு வரி வரியாகப் படியுங்கள். லயன் வீடுகளில் அந்தக் காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டிமார் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களிடமும் கேட்டு எழுதி வரட்டும். செய்து பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று நம் சங்கத்துக்கு எழுதுங்கள்.