மலிவான ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, டூரம் பிராந்தியத்தில் உள்ள அஜக்ஸ் நகரில் கார் இல்லாமல் குடும்பம் நடத்துவது கடினம். களஞ்சியத்திலும் தொழிற்சாலையிலும் இரவு வேலை செய்யும் அம்மா, 401 நெடுஞ்சாலையில் ஸ்காபுரோவுக்குப் போய்வரும் அப்பா, கல்லூரிக்குப் போகும் பிள்ளை என ஒரு வீட்டிலேயே மூன்று பயணங்கள் இருக்கின்றன. அதனால் பிள்ளை உழைக்கத் தொடங்கியதும் ‘எனக்கும் ஒரு கார்’ என்ற பேச்சு வருவது இயல்பு. அந்தக் கார் பழைய கொரொல்லாவாக இருந்தால் பெரிய சிக்கல் வராது. ஏழாயிரம், எட்டாயிரம் டொலருக்கு விற்பனைக்கு வரும் பழைய பி.எம்.டபிள்யூவாகவோ, போர்ஷேயாகவோ இருந்தால் கணக்கு மாறிவிடும்.

இளையோரின் ஆசையைக் குறை சொல்வது எமது நோக்கமல்ல. வாங்குவதற்கு முன்னர் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக இருந்து பார்க்க வேண்டிய கணக்கையும், ஒன்ராறியோ சட்டம் எமக்குத் தரும் பாதுகாப்புகளையும் இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

விலை ஏன் குறைகின்றது?

புதிதாக 60,000 டொலருக்கு விற்கப்பட்ட ஒரு கார், பதினைந்து ஆண்டுகளின் பின்னர் 8,000 டொலருக்கு வருகின்றது என வைத்துக்கொள்வோம். காரின் விலை இறங்கிவிட்டது. ஆனால் அதன் பிரேக் தட்டும், ஷொக் அப்சோர்பரும், கிளட்ச்சும் 60,000 டொலர் காருக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் விலை காரோடு சேர்ந்து இறங்குவதில்லை. சில பாகங்கள் அரிதாகும்போது விலை ஏறுவதும் உண்டு. யானையை மலிவாக வாங்கலாம், தீனியை மலிவாகப் போட முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய திருத்தவேலை ஒன்று நெருங்கும்போதுதான் பலர் இத்தகைய கார்களை விற்கின்றனர். கராஜில் 4,000 டொலர் மதிப்பீடு கேட்டவர், அதைச் செலவழிப்பதா அல்லது காரை விற்பதா என யோசித்து விற்க முடிவெடுக்கின்றார். அப்படியான நிலையில் அந்தத் திருத்தவேலை அடுத்தவரின் தலையில் வந்து விழுகின்றது.

கூலிக் கணக்கையும் பார்ப்போம். கராஜின் ஒரு மணித்தியாலக் கூலி 150 டொலர் என்றும், கிளட்ச் மாற்ற 8 மணித்தியாலம் தேவை என்றும் கொள்வோம். கூலி மட்டும் 1,200 டொலர். பாகங்களுக்கு 700 டொலர் சேர்த்தால் 1,900. அதற்கு 13 வீத வரி 247 டொலர். மொத்தம் 2,147 டொலர். எட்டாயிரம் டொலர் காரின் கால்பங்குக்கும் மேலான தொகை ஒரே வேலையில் போய்விடுகின்றது. ஸ்போர்ட்ஸ் கார்களில் எஞ்சின் அறை நெருக்கமாக இருப்பதால், சிறிய பாகம் ஒன்றை அடைவதற்கே பல பாகங்களைக் கழற்ற வேண்டியிருக்கும்.

பெயர் பெற்ற சில கார்களும் அவற்றின் பலவீனங்களும்

மஸ்டா ஆர்.எக்ஸ்-8: 1.3 லீற்றர் சுழல் எஞ்சின் கொண்டது. இதில் பிஸ்டன்கள் இல்லை. முக்கோண வடிவச் சுழலிகளின் முனைகளில் உள்ள அடைப்புப் பட்டிகள் தேய்ந்தால் அமுக்கம் குறைந்து எஞ்சின் சூட்டில் மீண்டும் இயங்க மறுக்கும். அந்தப் பட்டிகளுக்கு மசகிடுவதற்காக எஞ்சின் தன் ஒயிலையே சிறிது சிறிதாக எரிக்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. ஒயில் அளவை அடிக்கடி பார்க்காதவருக்கு இந்தக் கார் உகந்ததல்ல. வட அமெரிக்காவில் மஸ்டா நிறுவனம் இந்த எஞ்சினுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டுகளாக நீடித்தது. இந்தக் காரின் உற்பத்தி 2012இல் நின்றுவிட்டதால் அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. வாங்குவதற்கு முன்னர் சுழல் எஞ்சினுக்கான தனிக் கருவியால் அமுக்கச் சோதனை செய்ய வேண்டும். சாதாரணக் கருவி சரியான விடை தராது.

போர்ஷே பொக்ஸ்ரர்: 1990களின் இறுதியிலும் 2000களின் முற்பகுதியிலும் வந்த கார்களின் எஞ்சினுக்குள் இடைநிலைத் தண்டு ஒன்றைத் தாங்கும் பெயாரிங் உள்ளது. இது உடைந்தால் முழு எஞ்சினும் அழிந்துவிடும். 2001 முதல் 2005 வரையான மாதிரிகள் தொடர்பில் அமெரிக்காவில் கூட்டு வழக்குத் தொடரப்பட்டு இணக்கம் காணப்பட்டது. பெயாரிங் சிறியதுதான். ஆனால் அதை மாற்றுவதற்குக் கியர்பெட்டியைக் கழற்ற வேண்டும். அதனால் கிளட்ச் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுவது வழக்கம். விற்பவரிடம் இதற்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

பி.எம்.டபிள்யூ 335ஐ: 2007 மாதிரி முதல் வந்த இரட்டை டர்போ எஞ்சின் வேகத்துக்குப் பெயர் பெற்றது. உயர் அமுக்க எரிபொருள் பம்ப் பழுதாவதற்கும் பெயர் பெற்றது. இதற்காக 2010இல் அமெரிக்காவில் கார்கள் மீள அழைக்கப்பட்டன. மின்சாரத் தண்ணீர்ப் பம்ப், எரிபொருள் இஞ்செக்டர், ஒயில் கசிவு ஆகியன இந்தக் காரை வைத்திருப்போர் அறிந்த செலவுகள்.

செவர்லே கமாரோ: 2009 முதல் 2015 வரை, அஜக்ஸிலிருந்து 401இல் சிறிது தூரம் கிழக்கே உள்ள ஒஷாவா ஆலையிலேயே இந்தக் கார் பொருத்தப்பட்டது. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஜி.எம் நிறுவனத்தின் சாதாரணக் கார்களிலும் பயன்பட்டதால் பாகங்களும், வேலை தெரிந்த மெக்கானிக்குகளும் எளிதில் கிடைப்பர். எனினும் ஆரம்ப ஆண்டுக் கார்களில் ரைமிங் செயின் நீள்வது அறியப்பட்ட குறை. ஒயிலைக் காலத்துக்கு மாற்றிய பதிவு இருக்கின்றதா எனப் பாருங்கள்.

நாலு சிலிண்டர் மஸ்டா எம்.எக்ஸ்-5, ஹொண்டா சிவிக் எஸ்.ஐ போன்றவை இவற்றைவிட எளிமையானவை. ஓட்டும் மகிழ்ச்சியும் உண்டு, திருத்தச் செலவும் தாங்கக்கூடியது. ஆனால் இவையும் துருவுக்குத் தப்பியவை அல்ல.

உப்பும் குளிரும்

ஒன்ராறியோவில் பனிக்காலத்தில் வீதிகளுக்கு உப்பு இடுகின்றார்கள். தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பகுதியில் அந்த உப்பு நீர் நேராகப் படுகின்றது. பிரேக் குழாய், அடிச்சட்டம், கதவின் கீழ்ப்பகுதி ஆகியன முதலில் அரிக்கும். மேலே பளபளக்கும் வண்ணம் இதைக் காட்டாது. காரை உயர்த்திப் பார்த்தால்தான் தெரியும். துருப்பிடித்த ஆணி ஒன்று உடைந்தால் ஒரு மணித்தியால வேலை மூன்று மணித்தியாலமாகின்றது. அந்தக் கூலியும் உங்களுடையதே.

ரயர் இன்னொரு செலவு. கோடைக்கால ஸ்போர்ட்ஸ் ரயர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். ஆகவே பனிக்கால ரயர் தொகுதி ஒன்றும் வாங்க வேண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் ரயரும் பின் ரயரும் வெவ்வேறு அளவு. அவற்றை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த முடியாது. பனிக்கால ரயர் போடுவோருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு வழங்க வேண்டும் என்ற விதி ஒன்ராறியோவில் 2016 முதல் உள்ளது. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

வரியும் சான்றிதழும்

தனியாரிடம் வாங்கும்போது 13 வீத விற்பனை வரி நீங்கள் கொடுத்த விலைக்கு மட்டும் கணிக்கப்படுவதில்லை. கொடுத்த விலை, ‘ரெட் புக்’ நூலில் உள்ள மொத்த விலை ஆகிய இரண்டில் எது கூடவோ அதற்கே வரி. 7,000 டொலருக்கு வாங்கிய காரின் ரெட் புக் விலை 8,500 டொலராயின் வரி 1,105 டொலர். ரசீதில் குறைத்து எழுதுவதால் பயனில்லை.

தனியார் விற்பனையாளர் 20 டொலருக்குப் பெறும் பழைய வாகனத் தகவல் பொதியை உங்களிடம் தர வேண்டும் என்பது சட்டம். முன்னைய உரிமையாளர்கள், பதிவான கிலோமீற்றர், கடன் பொறுப்பு, ‘மீளக் கட்டப்பட்டது’ போன்ற முத்திரை ஆகியன அதில் இருக்கும். கடன் தீராத காரை வாங்கினால் கடன்காரர் காரைத் தேடி உங்கள் வீட்டுக்கு வரலாம். விபத்து விபரம் இந்தப் பொதியில் இருக்காது. அதற்குக் கார்ஃபக்ஸ் அறிக்கை தேவை.

எம்மவர் பேச்சில் ‘சேஃப்ட்டி’ எனப்படும் பாதுகாப்புச் சான்றிதழ் குறித்துப் பெரிய தவறான நம்பிக்கை உண்டு. அது 36 நாட்களுக்கே செல்லுபடியாகும். பிரேக், ஸ்ரியறிங், விளக்கு, ரயர் போன்றவை குறைந்தபட்சத் தரத்தில் இருந்தன என்பதையே அது சொல்கின்றது. எஞ்சினும் கியர்பெட்டியும் இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை அது சொல்லாது. அது உத்தரவாதமும் அல்ல.

பதிவுபெற்ற விற்பனை நிலையங்களை ஒம்விக் என்ற ஒன்ராறியோ மோட்டார் வாகனத் தொழில் சபை கண்காணிக்கின்றது. அங்கே வாங்குவோருக்கு இழப்பீட்டு நிதி ஒன்றின் பாதுகாப்பும் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னர் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் ஒன்ராறியோவில் இல்லை. ‘உள்ளபடியே விற்பனை’ என்ற வாசகம் இருந்தால், கார் ஓடும் என்ற உறுதிகூட இல்லை என்றே பொருள். தனியார் போலக் காட்டிப் பல கார்களை விற்கும் பதிவற்ற வியாபாரிகளும் உள்ளனர். உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் பொருந்தாவிட்டால் விலகிவிடுங்கள்.

அப்பாவின் பெயரில் பிள்ளையின் கார்

காப்புறுதி குறையும் என்பதற்காகக் காரை அப்பாவின் பெயரில் எடுத்து, பிள்ளையை ‘எப்போதாவது ஓட்டுபவர்’ என எழுதும் பழக்கம் எமது குடும்பங்களில் உண்டு. உண்மையில் பிள்ளையே நாள்தோறும் ஓட்டுகின்றார் என்றால் இது தவறான தகவல். விபத்தின் பின்னர் இது தெரியவந்தால் இழப்பீடு பெறும் உரிமையை இழக்க நேரிடலாம்.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்றும் உள்ளது. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, உரிமையாளரின் சம்மதத்துடன் காரை ஓட்டியவர் ஏற்படுத்தும் சேதத்துக்கு உரிமையாளரும் பொறுப்பு. காப்புறுதி கைவிட்டால் பிள்ளையின் விபத்துக்காக அப்பாவின் சேமிப்பும் வீடும் கேள்விக்குள்ளாகலாம்.

அதேபோல, 80 கிலோமீற்றருக்குக் குறைந்த வேக எல்லையுள்ள வீதியில் 40 கிலோமீற்றர் கூடுதலாகவோ, 80 அல்லது அதற்கு மேற்பட்ட எல்லையில் 50 கூடுதலாகவோ ஓடினால் அது ‘ஸ்ரண்ட்’ ஓட்டம். 2021 முதல் அதே இடத்தில் 30 நாட்களுக்கு அனுமதிப்பத்திரம் நிறுத்தப்பட்டு, 14 நாட்களுக்குக் கார் தடுத்துவைக்கப்படும். இழுவைச் செலவும் தரிப்புச் செலவும் உரிமையாளருக்கே. குற்றம் நிரூபிக்கப்பட்டால் குறைந்தது 2,000 டொலர் அபராதம்.

எனவே காரைப் பார்க்கப் போகும் முன்னரே, அதன் அடையாள இலக்கத்தைக் கொடுத்து, பிள்ளையே முதன்மைச் சாரதி என்று சொல்லிக் காப்புறுதி விலையைக் கேளுங்கள். பலரது கார்க் கனவு அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே முடிந்துவிடும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கராஜில் உங்கள் உரிமைகள்

ஆங்கிலத்தில் பேசத் தயங்கி, கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வருபவர்கள் எம்மிடையே பலர். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பின்வருவனவற்றைச் சொல்கின்றது.

- வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தரப்பட வேண்டும். 
- இறுதித் தொகை மதிப்பீட்டை விட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. 
- நீங்கள் சம்மதிக்காத வேலைக்குப் பணம் கேட்க முடியாது. 
- கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. 
- பாகங்களுக்கும் கூலிக்கும் 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகின்றதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

அதேவேளை, சம்மதித்த வேலைக்குப் பணம் கட்டாவிட்டால் காரைத் தம்மிடம் வைத்திருக்கும் உரிமை கராஜுக்கும் சட்டப்படி உண்டு. கையெழுத்திடும் முன் வாசியுங்கள். புரியாவிட்டால் பிள்ளையை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

முதலாவது, விற்பவருக்குத் தொடர்பில்லாத, அந்த வகைக் காரில் அனுபவமுள்ள, 310எஸ் தகுதிச் சான்றிதழ் பெற்ற மெக்கானிக்கிடம் காரை உயர்த்திப் பார்க்கச் செய்யுங்கள். அமுக்கச் சோதனை, கணினிக் குறியீட்டுச் சோதனை, துரு ஆகிய மூன்றையும் கேளுங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, திருத்தப் பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். குறைந்த கிலோமீற்றரை விட முழுமையான பற்றுச்சீட்டுக் கோப்பு பெறுமதி வாய்ந்தது.

மூன்றாவது, வாங்கும் விலையின் அரைப்பங்கையாவது திருத்தத்துக்கென ஒதுக்கி வையுங்கள் என்பது எமது ஆலோசனை. கையில் 9,000 டொலர் இருந்தால் 6,000 டொலர் காரைத் தேடுங்கள். முழுத் தொகையையும் காருக்கே கொடுத்துவிட்டால், முதல் பழுதே கடனட்டையில் ஏறும்.

நான்காவது, அதை வேலைக்குப் போகும் ஒரே காராக வைத்திருக்க வேண்டாம். கார் கராஜில் நிற்கும் வாரத்தில் இரவு வேலையை எப்படி அடைவது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை இருக்க வேண்டும்.

எமது வீடுகளில் பணம் பல திசைகளில் போகின்றது. வீட்டுக் கடன் உண்டு, ஊரில் வயதான பெற்றோரின் மருந்துச் செலவு உண்டு, தங்கையின் படிப்பு உண்டு. ஆகவே கார் வாங்குவதற்கு முன்னர் ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் காகிதம் ஒன்றை எடுத்து விலை, வரி, காப்புறுதி, இரண்டு தொகுதி ரயர், முதல் ஆண்டுத் திருத்தம் ஆகிய ஐந்தையும் பிள்ளையைக் கொண்டே எழுதிக் கூட்டச் செய்யுங்கள். கூட்டுத்தொகையை அவர் தன் சம்பளத்திலிருந்து கட்ட முடியுமென்றால் தாராளமாக வாங்கட்டும். முடியாதென்றால், அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்து அடுத்த ஆண்டு மீண்டும் எடுத்துப் பாருங்கள். அப்போது அந்தக் கார்களின் விலை இன்னும் சற்று இறங்கியிருக்கக்கூடும், பிள்ளையின் சேமிப்பும் கூடியிருக்கும்.